அம்மாவுக்கு விரல் வீக்கம், ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் – இது எந்த மூட்டுவாதம்?

பவானிக்கரை
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 52 வயது, வீட்டில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். நாலைந்து மாதமாக இரண்டு கையிலும் விரல் உள்ளங்கையோடு சேருகிற கணுக்களும் மணிக்கட்டும் வீங்கியிருக்கின்றன. காலையில் எழுந்தால் புளி கரைக்க முடியவில்லை, கேஸ் அடுப்புத் திருகைத் திருப்ப முடியவில்லை, கை மடங்கவே மணி எட்டரை ஒன்பது ஆகிவிடுகிறது, மதியத்துக்கு மேல் ஓரளவு பரவாயில்லை. விரல் நுனிக் கணுக்களில் ஒன்றும் இல்லை. பாதத்தில், விரல்களுக்குக் கீழே, தரையில் ஊன்றும்போது கூழாங்கல் மேல் நிற்பது மாதிரி இருக்கிறது என்கிறார்.

பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். 'ஆர்த்ரைட்டிஸ் ப்ரொஃபைல்' எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட்: ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், ஏ.எஸ்.ஓ. 200க்குக் கொஞ்சம் மேலே, யூரிக் ஆசிட் 6.4, ஈ.எஸ்.ஆர். 58, சி.ஆர்.பி. பாசிட்டிவ். 'வாதம் இல்லை, எலும்புத் தேய்மானம்தான்' என்று கால்சியம் மாத்திரையும் ஒரு வலி ஊசியும் போட்டு அனுப்பிவிட்டார். மாமா வந்து ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு யூரிக் ஆசிட்தான் காரணம், பருப்பையும் தக்காளியையும் நிறுத்து என்கிறார். எதிர்வீட்டு அக்கா போன வருடம் வந்த சிக்குன்குனியாவின் மிச்சம் என்கிறார். பெரியப்பா ஒரு லேகியம் வாங்கிக் கொடுத்தார், நம்பினால் நம்புங்கள், இரண்டே நாளில் வீக்கம் பாதி வடிந்துவிட்டது. பத்து நாள் சாப்பிட்டு டப்பா தீர்ந்ததும் பழையபடி ஆகிவிட்டது. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், யார் பேச்சைக் கேட்பது?

லேப்_அக்கா
தம்பி, நான் லேப் டெக்னீஷியன், டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த நாலைந்து டெஸ்ட்டையும் ஒரே சீட்டில் எழுதி வருகிறவர்களை தினமும் பார்க்கிறேன், அதனால் ரிப்போர்ட் பற்றி மட்டும்.

ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்றால் முடக்குவாதம் (ஆர்.ஏ., அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இல்லை என்று அர்த்தம் கிடையாது. முடக்குவாதம் உள்ள 100 பேரில் 20, 30 பேருக்கு நெகட்டிவாகத்தான் இருக்கும், ஆரம்பத்தில் இன்னும் கூடுதலாகவே அப்படி வரும். பாசிட்டிவ் வந்தால் உடனே முடக்குவாதம் என்றும் இல்லை. வயதானவர்கள் சிலருக்கு, ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்களுக்கு, ஒரு வலியும் இல்லாத சிலருக்குக்கூட பாசிட்டிவ் வரும். ஆன்ட்டி-சி.சி.பி. என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, கொஞ்சம் விலை கூடுதல், அதில் பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் முடக்குவாதம்தான். ஆனால் அதுவும் சிலருக்கு நெகட்டிவாகவே இருக்கும், அதற்காகக் கையில் இருக்கும் வீக்கம் பொய்யாகிவிடாது.

ஏ.எஸ்.ஓ.வை மறந்துவிடுங்கள். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்து போயிருக்கிறது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. அது தேவைப்படுவது ருமாட்டிக் காய்ச்சலுக்கு, பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு. தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து காய்ச்சலோடு இன்றைக்கு முட்டி, நாளைக்குக் கணுக்கால் என்று வீக்கம் இடம் மாறும். மூட்டு தானாகச் சரியாகிவிடும், இதய வால்வுதான் கெட்டுப்போகலாம், அதனால்தான் அந்தப் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியை வருடக்கணக்கில் போடுகிறார்கள். பெயர் ஒன்றுபோல இருப்பதால் இதையும் முடக்குவாதத்தையும் குழப்பிக்கொண்டு, இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டுமா என்று பயந்து ஓடி வருகிறவர்கள் நிறைய. 52 வயது அம்மாவின் விரல் வீக்கத்துக்கும் ஏ.எஸ்.ஓ.வுக்கும் சம்பந்தமே இல்லை.

ஈ.எஸ்.ஆர். 58ம் சி.ஆர்.பி.யும்தான் இதில் கவனிக்க வேண்டியவை, உடம்பில் அழற்சி இருந்தால் இவை ஏறும். ரத்தசோகை இருந்தாலும் ஈ.எஸ்.ஆர். ஏறும், அதனால் ஹீமோகுளோபின் பாருங்கள். ஆனால் இரண்டும் சேர்ந்து ஏறியிருப்பதை வெறும் தேய்மானம் என்று சொல்லி ஒதுக்க முடியாது.

கட்டைவிரல்_கந்தசாமி
யூரிக் ஆசிட் பேச்சு வந்ததால் நான் வராமல் இருக்க முடியாது, எனக்கு கவுட் (யூரிக் ஆசிட் மூட்டில் படிகமாகச் சேர்வதால் வரும் வாதம்) வந்து பல வருடம் ஆகிறது.

அம்மாவுக்கு இருப்பது கவுட் மாதிரி தெரியவில்லை. கவுட் வருகிற விதமே வேறு. ராத்திரி நன்றாகத்தான் படுப்பீர்கள், இரண்டு மணிக்குக் கால் கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து, பளபளவென்று வீங்கி, மேலே போர்வை பட்டால்கூட அலற வைக்கும். ஒரு வாரம் பத்து நாளில் தானாக அடங்கிவிடும், பிறகு சில மாதம் ஒன்றுமே இருக்காது, சரியாகிவிட்டது என்று நினைத்து மறுபடி மட்டனும் பீரும் சாப்பிடப் போவோம். இரண்டு கையிலும் ஒரே மாதிரி, தினமும் காலையில், மாதக்கணக்கில் என்பது அதன் குணம் இல்லை.

ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6.8ஐத் தாண்டினால்தான் படிகமாக மாறத் தொடங்கும். தாண்டிய எல்லோருக்கும் கவுட் வருவதும் இல்லை, வெறும் எண்ணைப் பார்த்து மாத்திரை சாப்பிடத் தேவையில்லை. உண்மையான கவுட் வலியின்போது டெஸ்ட் எடுத்தால் சிலருக்கு நார்மலாகக்கூட வரும், எனக்கே அப்படித்தான் முதல் தடவை சுளுக்கு என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மூட்டில் இருந்து நீர் எடுத்து மைக்ராஸ்கோப்பில் ஊசி வடிவப் படிகத்தைப் பார்ப்பதுதான் சந்தேகமே இல்லாத வழி. மாமாவிடம் சொல்லுங்கள், பருப்பும் தக்காளியும் பாவம், விட்டுவிடுங்கள். ஈரல், ஆட்டுக்கறி, மத்தி, நெத்திலி, பீர், இனிப்பு பாட்டில் பானம், இவைதான் எங்களுக்கு வில்லன். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டாலும் யூரிக் ஆசிட் ஏறும், அம்மா அப்படி ஏதும் சாப்பிடுகிறாரா என்று மட்டும் பாருங்கள்.

மூலிகைத்தோட்டம்
இந்த வயதில் எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான், மாதவிலக்கு நின்றால் எலும்பு தேயும். முடக்கத்தான் கீரையை அரைத்து தோசையில் ஊற்றிக் கொடுங்கள், இங்கிலீஷ் மருந்து ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விடாது.

செவ்வாய்க்கிழமை
முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடட்டும், எங்கள் வீட்டிலும் வாரம் ஒருநாள் உண்டு, ருசியாக இருக்கும். ஆனால் அதை நம்பி ஆறு மாதம் உட்கார்ந்தால் என் வலது மணிக்கட்டு மாதிரி ஆகிவிடும், அது இப்போது பின்பக்கம் வளையாது. எனக்கு 38 வயதில் முடக்குவாதம் வந்தது.

தேய்மானம் எப்படி இருக்கும் என்றால், முட்டி, கட்டைவிரல் அடி, விரல் நுனிக் கணு, இந்த இடங்கள்தான் பெரும்பாலும். காலையில் விறைப்பு இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும், வேலை செய்யச் செய்ய வலி கூடும், உட்கார்ந்தால் குறையும், சாயங்காலம்தான் மோசம். முடக்குவாதம் இதற்கு நேர் எதிர். காலைதான் நரகம், ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, அசைய அசைய இளகும், விரலின் அடிக்கணு, நடுக்கணு, மணிக்கட்டு, பாத விரல்களின் அடி, அதுவும் இரண்டு பக்கமும். நுனிக் கணுவை அது அனேகமாகத் தொடாது. தம்பி, நீங்கள் எழுதியிருப்பதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். டாக்டர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள்: எந்த மூட்டு, எந்த நேரம், எத்தனை நாள். ரிப்போர்ட் அதற்கு அப்புறம்தான்.

மூட்டைச் சுற்றியுள்ள சவ்வை நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தாக்குகிறது, அந்தச் சவ்வு தடித்து, பக்கத்து எலும்பை அரிக்கிறது. முதல் ஓரிரண்டு வருடத்திலேயே நிறைய அரித்துவிடும், அரித்தது திரும்பி வராது. ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், அதைப் பார்த்தும் ஏமாறக் கூடாது.

அப்புறம் அந்த லேகியம். இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது, நிறுத்தியதும் திரும்பி வந்தது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றுதான் நான் சந்தேகப்படுவேன். இப்படிப் பெயர் இல்லாத டப்பாக்களில் கலந்து விற்பது நம் ஊரில் புதிது இல்லை. முகம் உப்பியதா, பசி அதிகமானதா, சர்க்கரை ஏறியதா என்று பாருங்கள். அம்மா பத்து நாளோடு நிறுத்தியது நல்லது. மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, டாக்டரிடம் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

இங்கிலீஷ் மருந்து பயம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்று எழுதுவார்கள், கூகுள் செய்தால் கேன்சர் மருந்து என்று வரும், வீட்டில் ஒரே அழுகையாக இருக்கும். கேன்சருக்குக் கொடுக்கும் அளவு பல மடங்கு பெரியது. இங்கே பெரும்பாலும் 7.5லிருந்து 25 மில்லிகிராம் வரை, வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் என்று தவறாக எடுத்து உயிரே போனவர்கள் உண்டு, அதனால்தான் என் பெயரே இங்கே செவ்வாய்க்கிழமை. அட்டை மேல் மார்க்கர் பேனாவில் கிழமையை எழுதி வைத்துவிடுங்கள், மருந்துக் கடைக்காரர் 'தினம் இரவு' என்று எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கேளுங்கள். கூடவே ஃபோலிக் ஆசிட் தருவார்கள், அது வேறு நாளில். கல்லீரல் டெஸ்ட்டும் ரத்த அணு எண்ணிக்கையும் டாக்டர் சொல்கிற இடைவெளியில் பார்க்க வேண்டும், மது கூடாது, பிள்ளை பெற நினைப்பவர்கள் தொடவே கூடாது. வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், மூன்றாவது வாரத்திலேயே 'கேட்கவில்லை' என்று தூக்கிப் போடாதீர்கள்.

ராத்திரி_ஷிஃப்ட்
இதோடு சேர்த்து ஒன்று, வேறு யாராவது படித்தால் உதவும். என் தம்பிக்கு 24 வயதில் இடுப்பு வலி, டிஸ்க் என்று சொல்லி படுக்க வைத்தார்கள், படுக்கப் படுக்க மோசமானது. விடிகாலை மூன்று மணிக்கு வலியில் எழுந்து நடப்பான், நடந்தால் சரியாகும். கடைசியில் அது ஆங்கைலோஸிங் ஸ்பாண்டிலைட்டிஸ், முதுகெலும்பைப் பிடிக்கும் வாதம். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு டெஸ்ட் பாசிட்டிவ், இடுப்பு எலும்பு இணைப்பில் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்டுபிடித்தார்கள். நடுவில் ஒருமுறை கண் சிவந்து வலித்தது, 'மெட்ராஸ் ஐ' என்று சொட்டு மருந்து விட்டான், அதுவும் இதே நோயின் வேலைதான். ஓய்வில் கூடி அசைவில் குறையும் முதுகு வலியை, இள வயதில், டிஸ்க் என்று விடாதீர்கள்.

பவானிக்கரை
எல்லோருக்கும் நன்றி. செவ்வாய் அக்கா, முகம் கொஞ்சம் உப்பினது உண்மைதான், நாங்கள் தேறிவிட்டார் என்று சந்தோஷப்பட்டோம்! நீர் பிரியும் மாத்திரை எதுவும் இல்லை. சரி, சிக்குன்குனியா? போன வருடம் காய்ச்சலும் வலியும் வந்தது நிஜம், டெஸ்ட் எடுக்கவில்லை. இப்போது எடுத்தால் தெரியுமா? எந்த டாக்டரைப் பார்ப்பது, எலும்பு டாக்டரா?

லேப்_அக்கா
2006ல் தமிழ்நாடு முழுக்கப் பரவியபோது தெருத்தெருவாக ஆட்கள் குனிந்து நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் சரியானது, சிலருக்கு வருடக்கணக்கில் இழுத்தது, முடக்குவாதம் மாதிரியேதான் இருக்கும். இப்போது ஐ.ஜி.ஜி. (ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் டெஸ்ட்) எடுத்தால் என்றோ வந்துபோனதற்கும் பாசிட்டிவ் வரும், அதனால் பெரிதாகப் பயன் இல்லை. மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் நிற்கிறது என்றால் காரணம் எதுவானாலும் அதைப் பார்க்க வேண்டிய டாக்டர் ஒருவர்தான்: ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டுவாத நிபுணர். எலும்பு டாக்டர் முறிவுக்கும் ஆபரேஷனுக்கும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் தனித் துறையே இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் உண்டு. கோவையில் தனியாகப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள், உங்களுக்கு அதுதான் கிட்டே.

போகும்முன் அம்மாவின் நகத்தில் குண்டூசி குத்தியது போல் சின்னச் சின்னக் குழிகள், தலையில், முழங்கையில் செதில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், சோரியாசிஸ் என்ற தோல் நோயோடு வரும் வாதம் ஒன்று உண்டு. வெயில் பட்டால் முகத்தில் சிவப்பு, வாய்ப்புண், முடி உதிர்வு இருந்தால் அதையும் சொல்லுங்கள், அது லூபஸ் பக்கம், எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் இன்னொரு நோய். வீக்கம் இருக்கும்போது கையை போனில் படம் எடுத்து வையுங்கள், டாக்டரிடம் போகிற அன்றைக்கு என்று பார்த்து வடிந்திருக்கும்! லேகிய டப்பாவையும் எடுத்துப் போங்கள். நடுவில் எப்போதாவது ஒரே ஒரு மூட்டு மட்டும் சூடாக வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள், மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பவானிக்கரை
அடுத்த வாரம் கோவைக்கு நேரம் வாங்கிவிட்டேன். ஆன்ட்டி-சி.சி.பி. அவர்களே எழுதட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா கேட்பது ஒன்றுதான், கல்யாண சீசன் ஆர்டர் கையில் இருக்கிறது, தைக்கலாமா?

செவ்வாய்க்கிழமை
வீக்கம் இருக்கிற மாதத்தில் கத்தரிக்கோலை மட்டும் வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லுங்கள், துணி வெட்டுவதுதான் கட்டைவிரலையும் மணிக்கட்டையும் கொல்லும். மெஷினுக்கு மோட்டார் இல்லாவிட்டால் ஒன்று போட்டுவிடுங்கள், பாதத்துக்கும் நல்லது. ஆர்டரைக் காலையில் தொட வேண்டாம், மதியத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக, நடுநடுவே கையை விட்டு. ஹூக், காஜா வேலைக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பிடித்துக்கொள்ளலாம். மருந்து பிடித்து வீக்கம் இறங்கியதும் பழையபடி தைக்கலாம். நான் இப்போதும் எம்ப்ராய்டரி போடுகிறேன்.