டிப்ளி கோயிலில் எங்கள் சேகரத்தைப் பார்த்தேன்

ஞாயிறு ஆராதனை முடிந்து, கறிக்குழம்புச் சாப்பாடும் முடிந்தால் எங்கள் வீட்டில் ‘தி விகார் ஆஃப் டிப்ளி’ ஓடும். பல வருடப் பழக்கம். பிபிசி 1994 நவம்பரில் தொடங்கிய நகைச்சுவைத் தொடர் அது. டிப்ளி என்ற ஆங்கிலேயக் கிராமத்தில் வயதான குருவானவர் ஆராதனை நடக்கும்போதே இறந்துவிடுகிறார். அவர் இடத்துக்கு ஜெரல்டீன் என்ற பெண் வருகிறார். டான் ஃபிரெஞ்ச் நடித்திருப்பார். ஊர் கற்பனைதான், படம்பிடித்தது பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள டர்வில் கிராமத்தில். அங்கே நான் போனதில்லை. ஆனால் அந்த ஊர்க் கவுன்சில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். எங்கள் சேகரக் கமிட்டியில் 14 வருடம் அவர்களோடுதான் இருந்தேன் (ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகள் சேர்ந்ததைத்தான் சேகரம் என்போம்).

ஜிம் ட்ராட் என்று ஒரு பெரியவர். எதைக் கேட்டாலும் “நோ, நோ, நோ, நோ” என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் “யெஸ்” என்பார். எங்கள் கமிட்டியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு எத்தனை மூட்டை அரிசி என்று பேச்சு எடுத்தாலே “அது சரிப்படாதுய்யா, சரிப்படவே சரிப்படாது” என்று கையை ஆட்டுவார். பத்து நிமிடம் கழித்து, “சரி, செய்வோம். முதல் மூட்டை என் கணக்கு” என்பார். இத்தனை வருடத்தில் அவர் மறுத்து நின்றுபோன காரியம் ஒன்றுகூட இல்லை.

ஃபிராங்க் பிக்கிள் நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவர். ஒரு சொல் விடாமல் எழுதுவார், அதனால் கூட்டம் நகராது. எங்கள் செயலாளரும் அப்படித்தான். போன கூட்டத்தில் வடை யார் வாங்கித் தந்தது என்பதுவரை வாசிப்பார். எனக்கு அப்போது எரிச்சலாக இருக்கும். அவர் போன பிறகு ஒருநாள் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். புயலில் கோயில் ஓடு பறந்த ராத்திரி யார் யார் ஏணி கொண்டுவந்தார்கள், யார் டார்ச் பிடித்தார்கள், எல்லாம் இருந்தது. இப்போது உள்ள கணினி அறிக்கையில் தீர்மான எண்ணும் தொகையும் மட்டும்தான்.

ஆனால் நான் எழுத வந்தது மிஸஸ் கிராப்லியைப் பற்றி. லிஸ் ஸ்மித் நடித்த அந்தப் பாட்டி எந்தச் சாமானையும் எந்தச் சாமானோடும் சேர்த்துக் கேக் சுடுவார். ஊரே முகம் சுளித்தபடி தின்னும், வேண்டாம் என்று ஒருவரும் அவரிடம் சொல்லமாட்டார்கள். 1996இல் வந்த ஈஸ்டர் சிறப்புப் பகுதியில் அவர் இறந்துபோகிறார். ஈஸ்டருக்கு முயல் வந்து முட்டை வைத்துப்போகும் என்று அங்கே பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். மரணப் படுக்கையில் ஜெரல்டீனிடம் ஒரு ரகசியம் சொல்கிறார்: வருடாவருடம் முயல் வேடம் போட்டு வீடு வீடாக முட்டை வைத்தது நான்தான், இனி நீங்கள் செய்யுங்கள். ராத்திரி ஜெரல்டீன் முயல் உடுப்பில் கிளம்பினால், வழியில் மற்றவர்களும் அதே உடுப்பில் நிற்கிறார்கள். பாட்டி எல்லாரிடமும் அதையே கேட்டிருக்கிறார்.

எங்கள் சபையிலும் ஒரு பாட்டி இருந்தார்கள். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை முடிந்ததும் சபைக்குக் கஞ்சி அவர்கள் கையால்தான். வெந்தயத்தை அள்ளிப் போடுவார்கள், நாக்கெல்லாம் கசக்கும். அதுவும் பாடுகளின் நாளில் மூன்று மணிவரை வெறும் வயிற்றோடு இருந்துவிட்டு! ஆனாலும் யாரும் வாய் திறந்ததில்லை. அவர்கள் காலமான அடுத்த வருடம், கமிட்டியில் கஞ்சியைப் பற்றிப் பேசவே மறந்துவிட்டோம். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் இரண்டு அண்டா. இரண்டு வீட்டார், ஒருவருக்கொருவர் சொல்லாமல் காய்ச்சிக் கொண்டுவந்திருக்கிறார்கள். இரண்டிலும் அதே கசப்பு. முயல் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அண்டாக்கள்தான் கண்ணில் வரும். மனைவி டீ போட எழுந்துபோய்விடுவாள், அவளுக்கும் தாங்காது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

*

அண்ணே, எழுதச் சொன்னீர்களே, இதோ என் கதை. எங்கள் சேகரத்துக்கு முதல்முறையாக ஒரு பெண் ஆயர் வந்தபோதுதான் நான் இந்தத் தொடரைப் பார்த்தேன். முதல் பகுதியில் ஜெரல்டீன் வந்து நிற்க, கதவைத் திறந்தவர்கள் முழிக்கும் முழி இருக்கிறதே, அது அப்படியே எங்கள் ஊர் முழி.

எங்களுக்கு முதலில் வந்த சிக்கல் கூப்பிடுவதில்தான். நெல்லைப் பக்கம் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. இப்போது ஐயரே ஒரு அம்மா என்றால் என்ன சொல்ல? கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை இரண்டு வாரம் எதுவும் சொல்லாமல் கனைத்தே காலம் தள்ளினார். அப்புறம் சின்னப் பிள்ளைகள் “ஆயரம்மா” என்று ஆரம்பித்தார்கள், அதுவே நின்றுவிட்டது. தொடரில் ஊர்க் கவுன்சில் தலைவர் டேவிட் ஹார்ட்டன் ஜெரல்டீனை மாற்றியே தீருவேன் என்று நிற்பார் அல்லவா? எங்களிடமும் அப்படி ஒரு பெரியவர் இருந்தார். பெண் கையில் நற்கருணை அப்பம் வாங்கமாட்டேன் என்று பின் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

இதில் என்னைப் பெருமைப்பட வைப்பது ஒன்று உண்டு. இங்கிலாந்து திருச்சபை முதல்முதலாகப் பெண்களைக் குருக்களாக அபிஷேகம் செய்தது 1994 மார்ச் 12, பிரிஸ்டல் பேராலயத்தில், 32 பேர். அதே வருடம்தான் தொடரும் வந்தது. அந்த வருடம் குருப்பட்டம் பெற்ற ஜாய் கேரல் என்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் ரிச்சர்ட் கர்டிஸ் ஜெரல்டீனை எழுதினார். நம் தென்னிந்தியத் திருச்சபையோ 1976லேயே ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்துவிட்டது. பேராயர் விஷயத்திலும் நாம் முந்தி: நந்தியால் பேராயராகப் புஷ்பலலிதா அம்மா 2013இல், இங்கிலாந்தில் லிபி லேன் 2015இல். சட்டம் எப்போதோ வந்துவிட்டது, எங்கள் ஊர்க் கடைசி வரிசைக்கு வந்து சேரத்தான் இத்தனை காலம்.

அந்தப் பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கை. ஆயரம்மா வாராவாரம் போய் ஜெபித்துவிட்டு வருவார்கள். எழுந்து நடக்கத் தொடங்கிய முதல் ஞாயிறு, கைத்தடியோடு பந்தி வரிசையில் வந்து நின்றார். ஆயரம்மா முகத்தில் எதையும் காட்டாமல் எல்லாருக்கும் சொல்வதைப் போலவே சொல்லி அப்பத்தைக் கொடுத்தார்கள். நான் பாடகர் குழுவில் இருந்தேன். அன்றைக்கு ஆல்ட்டோவில், அதாவது தாழ்ந்த பெண்குரல் வரிசையில், பாதிப்பேர் பாடவில்லை.

டேவிட் ஹார்ட்டன் மனம் மாறுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. எழுதியவர்கள் அவசரப்படவில்லை என்பதால்தான் நம்ப முடிகிறது.

*

நானும் எழுதுகிறேன். நான் குருமனையில், அதாவது போதகர் வீட்டில், வளர்ந்த பிள்ளை. இந்தத் தொடரில் 1996 கிறிஸ்மஸுக்கு வந்த பகுதி ஒன்று இருக்கிறதே, ஒருவரையும் மறுக்க மனமில்லாமல் ஜெரல்டீன் வீடு வீடாக விருந்து சாப்பிடுவார், அது எங்கள் அப்பா கதை.

விடியற்காலை ஆராதனை முடிந்து வெளிச்சம் வருமுன்னே அழைப்புகள் தொடங்கிவிடும். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. ஒரு வீட்டில் பிரியாணி என்றால் அடுத்த வீட்டில் இடியாப்பம், ஆட்டுக்கால் பாயா. கடைசியாக ஊர்க்கோடியில் ஒரு ஓலை வீடு. மட்டன் எடுக்க அவர்களுக்கு வசதியில்லை, தட்டில் இரண்டு முட்டையும் ஒரு துண்டு கேக்கும் இருக்கும். அம்மா என் காதில், “அப்பாவுக்கு ஒத்துக்காது, நீ வாங்கிக்கோ” என்பாள். அப்பா என்னிடம் கொடுக்கமாட்டார். “ஐயர் சாப்பிட்டாத்தான் அவங்க வீட்டில் பண்டிகை” என்பார்.

எங்களுக்கு மாற்றல் வந்து சாமான் லாரியில் ஏறிய அன்று, அந்த வீட்டு அம்மா ஓடிவந்து ஜன்னல் வழியாக ஒரு தூக்குவாளியை நீட்டினார்கள். உள்ளே நாலு முட்டை, இன்னும் சூடு ஆறவில்லை.

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பகுதி ஓடும்போது மற்றவர்கள் சிரிக்கிற இடத்தில் நானும் சிரிப்பேன், கண் துடைத்துக்கொண்டே. தூக்குவாளி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அதில் அரிசி போட்டு வைத்திருக்கிறேன்.