நமீபியா, சொலிட்டேர்: ஸ்டீயரிங் ஆடுகிறது, அவசரம்

பாலைப்பயணி
வாடகை வண்டியில் நமீபியா சுற்றுகிறோம். காலையில் சோசுஸ்ஃப்ளே மணல்மேடுகள் பார்த்துவிட்டு, கடற்கரை நகரமான வால்விஸ் பேக்குக் கிளம்பினோம். 60-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் பயங்கரமாக ஆடுகிறது. இப்போது சொலிட்டேர் பெட்ரோல் பங்கில் நிற்கிறோம். வாடகைக் கம்பெனியில் போனை எடுக்கவில்லை. இப்படியே ஓட்டலாமா? இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

சரளைச்செல்வன்
என்ன வண்டி? காற்று எவ்வளவு? ஸ்டீயரிங் மட்டும் ஆடுகிறதா, சீட்டும் ஆடுகிறதா? பிரேக் போடும்போதா, சும்மா ஓடும்போதா?

ஹைவே கண்ணன்
ரிம்முக்குள் மணல் ஏறியிருக்கும். தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், சரியாகிவிடும். எனக்கு ராஜஸ்தானில் இதேதான் நடந்தது.

மூத்தவர்77
தம்பி, வண்டி பெயர்கூடச் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். பாலைவனத்துக்குப் போகிறவர்கள் அடிப்படை படித்துவிட்டுப் போகலாம். சக்கரம் ஆடாமலிருக்க ரிம்மில் வைக்கும் பேலன்சிங் வெயிட் விழுந்திருக்கும், அவ்வளவுதான். 50-இல் ஓட்டிக்கொண்டு போய்ச் சேருங்கள்.

கபரோனிவாசி
50-இல் போகச் சொல்லாதீர்கள் ஐயா. சொலிட்டேர் தாண்டினால் வால்விஸ் பே வரை 200 கி.மீ-க்கு மேல் பங்க் கிடையாது, சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. நடுவில் கௌப், குய்செப் என்று இரண்டு கணவாய்கள். அந்த இறக்கத்தில் டயர் போனால் என்ன ஆகும்? தம்பி, வீல் நட்டுகளை ஸ்பானர் போட்டுப் பாருங்கள். வரிவரியான சரளையில் அதிர்ந்து அதிர்ந்து கழன்றுவிடும். அப்புறம், சோசுஸ்ஃப்ளேக்குப் போகும் கடைசி 5 கி.மீ மணலில் நீங்களே ஓட்டினீர்களா, ஷட்டில் வண்டியில் போனீர்களா?

பாலைப்பயணி
டபுள் கேப் பிக்கப், ஃபோர் வீல் டிரைவ். நாங்களேதான் ஓட்டினோம். மணலுக்குக் காற்றைக் குறைத்து 1.2 பார் வைத்தோம், பூங்கா வாசலான செஸ்ரீம் கேட்டுக்கு வந்து 2.0 அடித்தோம். நட்டு எல்லாம் இறுக்கமாக இருக்கிறது. சும்மா ஓடும்போதே ஆடுகிறது, முன்பக்கம்தான்.

சரளைச்செல்வன்
அப்படியானால் மணல் முடிந்த இடத்திலிருந்து கேட் வரை 60 கி.மீ தார் ரோட்டில் 1.2-லேயே வந்திருக்கிறீர்கள். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடாகும். அந்த நிலையில் குழியிலோ கூரான கல்லிலோ இடித்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிடும். ரப்பர் மட்டும் தாங்கிக்கொண்டு நிற்கும். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி நிறுத்தி, முன்டயர் இரண்டின் உள்பக்கத்தையும் வீக்கம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். தரையில் படும் பேட்டனையும் தடவுங்கள்.

ஹைவே கண்ணன்
சரளையில் 100-க்கு மேல் விட்டால் இந்த ஆட்டமே தெரியாது, டயர் வரிகளின் மேலேயே மிதந்து போய்விடும். மெதுவாகப் போனால்தான் வண்டி உடையும்.

கபரோனிவாசி
மிதக்கிறது என்றால் டயர் தரையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். பிரேக்கும் பிடிக்காது, வளைவில் ஸ்டீயரிங்கும் கேட்காது. அங்கே சுற்றுலாப் பயணிகள் வண்டியைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இப்படித்தான். வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் சரளைக்கு 80 என்றே எழுதியிருக்கும். மீறினால் காப்பீடு கையை விரித்துவிடும்.

ஹைவே கண்ணன்
80-இல் போனால் பல் ஆடிப்போகும் சார். நீங்கள் ஓட்டியிருக்கிறீர்களா?

கபரோனிவாசி
ஓட்டியதால்தான் சொல்கிறேன். பல் ஆடினால் 60-க்கு இறங்குங்கள், காற்றை 1.8 ஆக்குங்கள். எதிரே ஓரிக்ஸ் மான் குறுக்கே வந்தால் 100-இல் என்ன செய்வீர்கள்?

மூத்தவர்77
1.8 எல்லாம் காலி வண்டிக்கு. கூரைக் கூடாரம், தண்ணீர், ஃப்ரிட்ஜ் ஏற்றிய பிக்கப்புக்குப் பின்டயரில் 2.2 இல்லாமல் நான் நகர மாட்டேன். இதையும் நான்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

பாலைப்பயணி
இடது முன்டயர், உள்பக்கம். எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருக்கிறது. இங்கேயே டயர் பழுது பார்க்கும் இடம் இருக்கிறது. ஒட்ட முடியாது என்று சொல்லி ஸ்டெப்னி மாட்டிக் கொடுத்தார்கள். ஆட்டம் நின்றுவிட்டது. கிளம்புகிறோம். சரளைச்செல்வன் அண்ணனுக்கு நன்றி.

சரளைச்செல்வன்
இருங்கள். இரண்டாவது ஸ்டெப்னி இருக்கிறதா? இல்லையென்றால் இன்று சொலிட்டேரிலேயே தங்கிவிடுங்கள், எப்படியும் போய்ச் சேர இருட்டிவிடும். காலையில் கிளம்பினால் 50 கி.மீ ஓடியதும் மாற்றிய சக்கரத்தின் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

கபரோனிவாசி
ஒப்பந்தத்தில் டயர் சேதம் சேர்த்தியா என்றும் பாருங்கள், சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் வராது. வீங்கிய டயரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சரளைச்செல்வன்
பாலைப்பயணி, தங்கினீர்களா, கிளம்பிவிட்டீர்களா? பார்த்ததும் ஒரு வரி போடுங்கள்.