தொட்டியில் வளரும் குயின்ஸ் கன்றை எப்போது, எவ்வளவு பெரிய தொட்டிக்கு மாற்றுவது?

கொடிமுல்லை (கென்ட், இங்கிலாந்து)

அனைவருக்கும் வணக்கம். சீமைமாதுளை எனப்படும் குயின்ஸ் மரத்தின் இளங்கன்று ஒன்றை எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் வளர்த்து வருகிறேன். வ்ரான்யா வகை, ‘குயின்ஸ் ஏ’ என்ற வேர்ச்செடியில் (வேர்ப்பகுதியாக அமையும் அடிச்செடியில்) ஒட்டுக் கட்டியது. ஏறக்குறைய ஐந்தடி உயரம் வந்துவிட்டது, ஆனால் வாங்கியபோது இருந்த 10 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியிலேயே இன்னும் இருக்கிறது. முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளம் என்பதால் நிலத்தில் நடுவதற்கு வழியில்லை.

சென்ற கோடையில் காலையில் நீர் ஊற்றினாலும் மாலைக்குள் இலைகள் துவண்டுவிட்டன. ஊற்றிய நீர் மண்ணில் ஊறாமல், தொட்டியின் ஓரமாகவே இறங்கி அடித்துளை வழியாக ஓடிவிட்டது. இப்போது அந்தத் துளைகளில் வேர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பிப்ரவரி கடைசி வாரம் ஆகிவிட்டது. மொட்டுகள் பருத்து, அவற்றின் நுனியில் வெண்சாம்பல் நிற மென்மயிர் தெரியத் தொடங்கியுள்ளது. இனியும் தொட்டி மாற்றலாமா, அல்லது அடுத்த குளிர்காலம் வரை பொறுக்க வேண்டுமா? அடிக்கடி மாற்றும் வேலை இல்லாதபடி ஒரேயடியாக 60 லிட்டர் தொட்டிக்குக் கொண்டுபோகலாமா? பழைய மண் முழுவதையும் உதறிவிட வேண்டும் என்று சிலரும், வேரைத் தொடவே கூடாது என்று சிலரும் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வேர்மண் (மேற்கு லண்டன்)

வணக்கம் அம்மா. இந்த வாரமே மாற்றிவிடுங்கள். இலை உதிர்ந்த நவம்பர் முதல் மொட்டு விரியும் வரை உள்ள ஓய்வுக்காலமே இதற்கு ஏற்றது, அதன் கடைசிப் பகுதியில் இப்போது இருக்கிறோம். மொட்டு பருத்திருப்பது தடையாகாது. இலை விரிந்த பிறகு வேரில் கை வைத்தால்தான், மேலே நீர் கேட்கும் இலைகள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருக்க, கீழே நீரை உறிஞ்சும் சல்லிவேர்கள் குறைந்துபோய், கன்று வாடும். மண் உறைந்திருக்கும் நாளையும் உலர்ந்த கீழ்க்காற்று வீசும் நாளையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

60 லிட்டர் வேண்டாம். உங்கள் தொட்டியின் வாய் 28 செ.மீ. அளவில் இருக்கும், அடுத்தது 35 செ.மீ. இருந்தால் போதும். வேர் எட்டாத புதுமண் பெருமளவில் சுற்றியிருந்தால், அதில் தேங்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை; குளிர்ந்த வசந்தத்தில் அந்த மண் வாரக்கணக்கில் நனைந்தே கிடந்து, காற்றோட்டம் அற்று, புதிதாக நுழையும் வேர் நுனிகளை அழுகச் செய்துவிடும். குயின்ஸ் ஈரத்தை விரும்பும் மரம் என்பது உண்மைதான், ஆனால் ஓடையோரத்து ஈரமண் வேறு, தொட்டிக்குள் காற்றில்லாமல் தேங்கிய சேறு வேறு. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து 45 முதல் 50 செ.மீ. வரை உள்ள தொட்டிக்கு மாற்றுங்கள். அதுவே கடைசித் தொட்டியாக இருக்கட்டும்.

மண்ணுக்கு, கார்டன் சென்டர்களில் கிடைக்கும் ஜான் இன்னஸ் எண் 3 கலவையையே பரிந்துரைப்பேன். மெர்ட்டனில் இயங்கிய ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் 1930களில் வகுத்த முறை இது: ஏழு பங்கு தோட்டமண், மூன்று பங்கு பீட் (சதுப்புநில மக்கு), இரண்டு பங்கு மணல். எண் 3 என்றால் எண் 1-இல் உள்ளதைப் போல் மூன்று மடங்கு உரம் கலந்தது என்று பொருள். மண் அடிப்படையிலான கலவை என்பதால் சட்டென்று உலராது. அதன் எடை காற்றில் மரம் சாயாமலும் காக்கும். பல்பயன் கலவை என்று விற்கும் இலேசான மக்கில் மரத்தை நட்டால், ஓரிரு ஆண்டுகளில் அது மக்கி அமுங்கிவிடும். ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டாலோ மீண்டும் நனைய மறுக்கும். உங்கள் தொட்டியில் நீர் ஓரமாக ஓடியதற்கும் அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

செய்முறை இதுதான். முதல் நாள் மாலையே நன்றாக நீர் ஊற்றிவிடுங்கள். மறுநாள் தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தால் வேர்க்கட்டி முழுதாக நழுவி வரும். தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. அடியில் பாய் முடைந்ததுபோல் சுருண்டு கிடக்கும் வேர்ப்படலத்தை இரண்டு செ.மீ. தடிமனுக்கு அறுத்து எறியுங்கள். பக்கங்களில் மூன்று நான்கு இடங்களில், மேலிருந்து கீழாக ஒரு விரல் ஆழத்துக்குள் கத்தியால் கீறிவிடுங்கள். வட்டமாகச் சுற்றும் தடித்த வேர்களைக் கவாத்துக் கத்தரியால் வெட்டிவிட வேண்டும். விட்டுவைத்தால் புதுத் தொட்டியிலும் அவை சுற்றிக்கொண்டே போய், பின்னாளில் ஒன்றையொன்று நெரிக்கும். பழைய மண்ணை ஓரங்களில் மட்டும் குச்சியால் கிளறி உதிர்த்தால் போதும். மொட்டு அசைந்துவிட்ட கன்றின் மண் முழுவதையும் உதறுவது, நடுவில் நலமாக இருக்கும் சல்லிவேர்களையும் சேர்த்து அறுப்பதாகிவிடும்.

ஒட்டுக் கட்டிய புடைப்பு மண்ணுக்கு மேலே நாலு விரல் உயரத்திலாவது நிற்க வேண்டும். அது புதைந்தால் மேல்தண்டே வேர்விட்டு, வேர்ச்செடி தரும் அளவான வளர்ச்சி கைவிட்டுப் போகும். தொட்டியின் விளிம்பில் நீர் நிற்க ஐந்து செ.மீ. இடம் விடுங்கள். அடியில் சல்லிக்கல் போடும் பழக்கத்தைக் கைவிடுவது நல்லது. மேலே உள்ள மண் முழுக்க நனைந்து நிறையும் வரை நீர் அந்தக் கல்லுக்குள் இறங்காது, ஆகவே ஈரம் தேங்கும் அடுக்கு வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடும். துளையின்மேல் ஒரு வலைத்துண்டு வைத்து, தொட்டியைச் சிறு கட்டைகளின் மேல் நிறுத்தினால் போதும்.

வேரை வெட்டிய அளவுக்குக் கிளையையும் வெட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குயின்ஸ், சென்ற ஆண்டுக் கிளைகளிலிருந்து வசந்தத்தில் கிளம்பும் குறுந்தளிர்களின் நுனியில் ஒற்றைப் பூவாகப் பூப்பது. நுனிகளையெல்லாம் நறுக்கினால் மே மாதத்தில் பூ இராது.

ஊதாப்பனி (ஸ்ருட்கார்ட், ஜேர்மனி)

வேர்மண் அவர்கள் சொன்னவற்றில் தொட்டி அளவைத் தவிர அனைத்துக்கும் உடன்படுகிறேன். கோடையில் பகல் முழுவதும் வேலைக்குப் போகிறவர்களுக்கு 35 செ.மீ. தொட்டி போதவே போதாது என்பது என் அனுபவம். என்னுடைய மரத்தை நேராக 45 செ.மீ. தொட்டிக்கே மாற்றினேன், கலவையில் பொடிக்கல்லும் மக்கிய மரப்பட்டையும் கூடுதலாகச் சேர்த்து, இலை வரும் வரை நீரைக் கணக்காகக் கொடுத்தேன். நன்றாகவே பிடித்துக்கொண்டது. நீரூற்றும் கை நிதானமாக இருந்தால், சற்றுப் பெரிய தொட்டியால் கேடு வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். குயின்ஸின் கிளைகள் கடும் பனியைத் தாங்கும், ஆனால் தொட்டிக்குள் இருக்கும் வேர்களுக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை; நிலத்தில் இருந்தால் மண்ணே அவற்றுக்குப் போர்வை, தொட்டியிலோ நாற்புறமும் குளிர் ஏறும். நான் டிசம்பரில் தொட்டியைச் சுவரோரமாக நகர்த்திச் சணல் சாக்கைச் சுற்றிவிடுவேன். கென்டில் இவ்வளவு தேவைப்படாமல் இருக்கலாம், எனினும் சுட்ட மண் தொட்டி வாங்குவதானால் உறைபனியில் வெடிக்காத வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

கொடிமுல்லை

இருவருக்கும் மிக்க நன்றி. நான் வீட்டிலிருந்தே வேலை செய்வதால் 35 செ.மீ. தொட்டியையே தேர்ந்தெடுத்து, இன்று காலை மாற்றும் வேலையைத் தொடங்கினேன். நீங்கள் சொன்னபடியே அடியில் வேர்கள் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தன. ஆனால் ஓர மண்ணைக் கிளறியபோது, அரைவிரல் நீளத்துக்கும் குறைவான, பிறைபோல் வளைந்த வெண்ணிறப் புழுக்கள் ஏழெட்டு வெளிப்பட்டன. கால்கள் இல்லை, தலை மட்டும் செம்பழுப்பு. சில சல்லிவேர்களின் தோல் அரித்தெடுத்ததுபோல் வழித்துக் கிடக்கிறது. கன்றை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்திருக்கிறேன். மண் முழுவதையும் கழுவிவிடலாமா?

வேர்மண்

அவை வைன் வீவில் எனப்படும் கூன்வண்டின் புழுக்கள். கோடைத் துவளலுக்கு அவையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இந்த நிலையில் என் முந்தைய அறிவுரையைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள்: வேர்க்கட்டியின் வெளிப்புற மண்ணைக் கூடுதலாக, இரண்டு விரல் ஆழம் வரை, குச்சியால் உதிர்த்துப் புழுக்களைப் பொறுக்குங்கள், மேல்மண்ணையும் அதே ஆழத்துக்கு வழித்தெடுங்கள். நடுக்கட்டியை மட்டும் கலைக்க வேண்டாம். உதிர்த்த மண்ணை வேறு தொட்டிகளில் சேர்க்காதீர்கள். மேல்மண்ணை அகற்றுவதால் வேறொரு நன்மையும் உண்டு: குயின்ஸ் இலைக்கருகல் நோயின் பூஞ்சை, உதிர்ந்து கிடக்கும் பழைய இலைகளில் குளிர்காலத்தைக் கழிப்பது, அந்த இலைத் துணுக்குகளும் சேர்ந்து போய்விடும்.

எஞ்சிய புழுக்களுக்கு நெமட்டோடு என்னும் நுண்புழுக்களை நீரில் கலந்து ஊற்றலாம். 5 பாகை செல்சியசுக்கு மேல் மண் சூடேறினாலே வேலை செய்யும் வகை உண்டு. பொட்டலத்தில் அந்த அளவைப் பார்த்து வாங்கி, மார்ச் நடுவில் ஒருமுறையும் செப்டம்பரில் ஒருமுறையும் ஊற்றுங்கள். கோடை இரவுகளில் டார்ச்சு விளக்கோடு பார்த்தால், இலை விளிம்பைப் பிறை பிறையாகக் கடிக்கும் கறுப்பு வண்டுகளைக் கையாலேயே பிடிக்கலாம்.

இப்போது உடனே நட்டு, பூவாளியால் அடித்துளையில் நீர் வரும் வரை ஊற்றுங்கள். அதன்பின் மேல்மண் ஒரு விரற்கணு ஆழத்துக்கு உலர்ந்தால் மட்டும் நீர் போதும். புதுக்கலவையில் உரம் இருப்பதால் மே நடுப்பகுதி வரை எதுவும் இட வேண்டாம். பிறகு தக்காளிக்கு இடும் பொட்டாசு மிகுந்த திரவ உரத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆகஸ்டு முடியும் வரை கொடுங்கள். ஒட்டுப் புடைப்புக்குக் கீழே தளிர் வந்தால் தயங்காமல் கிள்ளிவிடுங்கள். வேர்ச்செடியும் குயின்ஸே என்பதால் இலையை வைத்து வேறுபாடு தெரியாது, கிளம்பும் இடத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். இந்த ஆண்டு காய் பிடித்தால் ஒன்றிரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை ஜூலைக்குள் எடுத்துவிடுங்கள். வ்ரான்யாவின் பழம் பெரியது, வேர் இழந்த கன்றுக்கு அது சுமை.