பிராங்கன்ஸ்டைன் இரவு: வீட்டில் படம் போட யோசனை சொல்லுங்கள்

மழைத்தாரை:
வணக்கம். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டு ஹாலில் 1931இல் வந்த பிராங்கன்ஸ்டைன் படத்தைப் போடலாம் என்றிருக்கிறேன், ஜேம்ஸ் வேல் இயக்கி போரிஸ் கார்லாஃப் நடித்தது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள், அதில் இரண்டு பிள்ளைகளுக்கு எட்டு ஒன்பது வயதுதான். புரொஜெக்டர் கிடைத்துவிட்டது. சும்மா படத்தைப் போட்டு பாப்கார்ன் கொடுத்து அனுப்ப மனமில்லை, அந்தக் கதைக்குள் போய்விட்டு வந்த மாதிரி இருக்க வேண்டும். பச்சை பலூன், ரப்பர் முகமூடி, ரத்தச் சாயம் எல்லாம் கடையில் இருக்கிறது, ஆனால் நான் அந்தப் படத்துக்கு மூலமான மேரி ஷெல்லியின் நாவலைப் படித்து அழுதவள், அதில் விக்டர் பிராங்கன்ஸ்டைன் பிண உறுப்புகளைச் சேர்த்து உயிர்கொடுக்கும் அந்த ஜீவனைக் கேலிப்பொருள் ஆக்கப் பிடிக்கவில்லை. எப்படித் தொடங்கலாம், என்ன சமைக்கலாம்?

ஏரிக்கரை:
பச்சையை விட்டுவிடுங்கள் அக்கா. மேரி ஷெல்லி எழுதியபடி அதற்கு மஞ்சள் தோல், பளபளக்கும் கறுத்த முடி, எட்டடி உயரம். படமும் கறுப்பு வெள்ளைதான்.

நானாக இருந்தால் 1816இலிருந்து தொடங்குவேன். அதற்கு முந்தைய வருடம் ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததில், ஐரோப்பாவில் அந்த வருடம் கோடை என்பதே இல்லாமல் போயிற்று. ஜெனீவா ஏரிக்கரையில் ஆங்கிலக் கவிஞர் பைரன் எடுத்திருந்த வீட்டில், மழையால் வெளியே போக முடியாமல் கவிஞர் ஷெல்லி, மேரி, மருத்துவர் போலிடோரி எல்லாரும் உட்கார்ந்து பேய்க்கதைகள் வாசித்தார்கள், அப்போதுதான் ஆளுக்கொரு கதை எழுதுவோம் என்று பைரன் சொன்னார். மேரிக்கு 18 வயது. நாவல் அங்கே பிறந்ததுதான், 1818இல் வெளியானது. அதனால் படத்துக்கு முன்னால் அரைமணி நேரம் விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆளுக்கொரு கதை சொல்லச் சொல்லுங்கள், பாட்டி சொன்ன கதையானாலும் சரி. கடைசியில் அந்த நவம்பர் ராத்திரி அது கண் திறக்கிற இடத்தை நீங்கள் வாசியுங்கள். புதுமைப்பித்தன் இந்த நாவலை 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்திருக்கிறார், கிடைத்தால் அதிலிருந்தே வாசிக்கலாம், அந்தத் தமிழைக் காதால் கேட்க வேண்டும்.

அடுப்பங்கரை:
சாப்பாட்டுக்கு வேறெங்கும் தேட வேண்டாம், நாவலிலேயே இருக்கிறது. காட்டில் யாரோ விட்டுப்போன நெருப்பை அது கண்டுபிடிக்கும் இடம் நினைவிருக்கிறதா? பழங்களைச் சுட்டுப் பார்க்கும், கெட்டுப்போகும், கொட்டையும் கிழங்கும் சுட்டால் ருசி கூடும். அப்புறம் இடையன் குடிசையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பால், ஒயின். ஒயின் மட்டும் அதற்குப் பிடிக்காது. தன் பசிக்காக ஆட்டுக்குட்டியைக் கொல்வதில்லை என்று பிறகு தன்னைப் படைத்த விக்டரிடம் சொல்லும். எல்லாரும் பூதம் என்று விரட்டிய அந்த ஜீவன் அப்படிச் சொல்வதைப் படித்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் அன்று முழுச் சைவமாகவே வையுங்கள்: சுட்ட சர்க்கரைவள்ளி, வறுத்த கடலை, ரொட்டி, சூடான பால், ஒரு காய்கறி சூப். கறி வேண்டாம், தயவுசெய்து.

திரைச்சீலை:
சகோதரி, இரண்டு விஷயம்.

முதலாவது சத்தம். இந்தப் படத்தில் தொடக்க எழுத்துகள் தாண்டினால் பின்னணி இசை கிட்டத்தட்ட இல்லை. காலடி, இடி, மின்கருவிகளின் சீறல், ஊர் விழாப் பாட்டு, இவ்வளவுதான். ஃபேன் சத்தத்திலேயே பாதி போய்விடும். ஸ்பீக்கரைத் திரைக்குக் கீழே வைத்து முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். படம் தொடங்கும்போது ஒருவர் திரைக்குப் பின்னாலிருந்து வந்து பார்வையாளர்களை எச்சரிப்பார், அதற்கு முன் நீங்களே ஒரு போர்வைக்குப் பின்னாலிருந்து வந்து இரண்டு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும். தொடக்கத்தில் நடிகர் பட்டியலில் கார்லாஃப் பெயர் வராது, வெறும் கேள்விக்குறிதான் இருக்கும். அதையே அழைப்பிதழில் பெரிதாகப் போடலாம்.

இரண்டாவது பிள்ளைகள். ஏரிக்கரையில் சின்னப் பெண் மரியாவோடு பூ மிதக்கவிட்டு விளையாடும் காட்சி. பூ தீர்ந்ததும் அவளும் மிதப்பாள் என்று நினைத்து அவளைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிடும். முன்பு பல இடங்களில் அதை வெட்டித்தான் காட்டினார்கள், இப்போது கிடைப்பதில் முழுதாக இருக்கிறது. பெற்றோரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். வெட்டச் சொல்லவில்லை, அதற்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பது அங்கேதான் தெரியும், ஆனால் அந்த வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ இருக்க வேண்டும்.

மழைத்தாரை:
மூவருக்கும் நன்றி. கதை சொல்வதும் சைவச் சாப்பாடும் முடிவாகிவிட்டது, 'பிரேத மனித'னை ஒரு தோழியிடம் கேட்டிருக்கிறேன். படம் 70 நிமிடம் சொச்சம்தானே, 1935இல் வந்த இரண்டாம் பாகத்தையும் சேர்த்துப் போடலாமா?

அடுப்பங்கரை:
பெரியவர்களுக்குப் போடுங்கள் தாராளமாக. கண் தெரியாத கிழவர் அதற்கு ரொட்டியும் சூப்பும் கொடுத்து 'நண்பன்' என்ற சொல்லைக் கற்றுத்தருவது அதில்தான். சூப்பை அதுவரைக்கும் அடுப்பிலேயே வைத்திருந்து அந்த நேரத்தில் பரிமாறுங்கள்.