மேலப்புதுக்குடி அய்யனார் கோயிலுக்குப் போற வண்டி: பியூஸ் இல்லாம ஒயரைச் சேக்காதீங்க

குழு: அய்யனார் துணை 🙏
சனிக்கிழமை

செந்தில், மாலை 6:42
[படம்] [படம்]
உத்திரத்துக்கு இன்னும் 9 நாள். அப்பா வண்டியில கட்டில் வேலை முடிஞ்சுது. பேட்டரி வந்தாச்சு, சார்ஜரும் வந்தாச்சு. நாளைக்கு ஒயரை இழுத்து முடிச்சிருவேன். இந்தத் தடவை அம்மா கோயில்லயே ராத்திரி தங்கலாம்

ராஜி அத்தை, 6:44
அய்யனே. போன வருசம் மைனி இல்லாம பொங்கல் பானை இறக்கவே மனசு வரல

பிரியா, 6:45
மூச்சு மெஷின் ராத்திரி முழுக்க ஓடுமா?

செந்தில், 6:45
அதுக்குத்தான இவ்வளவும்

மாமா, 6:51
[முன்னனுப்பியது] பங்குனி உத்திர விரத முறைகளும் பலன்களும். முழுவதும் படிக்கவும்…

அம்மா, 6:53
கட்டில் ரொம்ப ஒசரமா இருக்கே செந்தில். ஏற முடியுமா

செந்தில், 6:53
சின்னப் படி ஒண்ணு போடுறேன்மா

சித்தப்பா, 7:10
செந்திலு. ரெண்டாவது படத்துல கட்டிலுக்கு அடியில நீலமா இருக்கே, அது என்னது

செந்தில், 7:11
அதான் சித்தப்பா சார்ஜர். டிசி டு டிசி. 30 ஆம்பியர். வண்டி ஓடும்போது டைனமோல இருந்து எடுத்து பின் பேட்டரிக்குக் குடுக்கும்

சித்தப்பா, 7:11
அது தெரியும். அதுல மாட்டியிருக்கிற ஒயர் என்ன ஒயர்

செந்தில், 7:12
வீட்டு வேலையில மிஞ்சுன 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர். நல்ல ஒயர்தான்

சித்தப்பா, 7:12
அதக் கழத்து

சித்தப்பா, 7:13
கண்ணாடியப் போட்டுட்டு வாரேன். அதுவரைக்கும் எவனும் ஒண்ணையும் தொடாதீங்க

கார்த்தி ஷார்ஜா, 7:14
அப்பா உக்காந்தாச்சு. எல்லாரும் டீ போட்டுக்கோங்க

சித்தப்பா, 7:26
கேளு. வண்டி பேட்டரி முன்னால இருக்கு. நீ வைக்கிறது கடைசியில. போக 5 மீட்டர், திரும்பி வர 5 மீட்டர், ஆக 10 மீட்டர் ஒயர். சார்ஜர் 30 ஆம்பியர் வெளிய தள்ளணும்னா உள்ள 36, 38 இழுக்கும். அத 2.5 ஸ்கொயர்ல அனுப்புனா 2.8 வோல்ட் வழியிலேயே செத்துப்போவும். டைனமோ 13.8 குடுத்தா சார்ஜர் வாய்க்குப் போறது 11. அந்த 2.8 எங்க போச்சு? ஒயர் சூடாகுறதுலதான் போவுது. 100 வாட்டுக்கு மேல. 25 வாட் சால்டரிங் அயர்ன் நாலைத் தரை மேட்டுக்கு அடியில படுக்கப் போட்ட கணக்கு. 16 ஸ்கொயர் செம்பு ஒயர் வாங்கு. அதே தூரத்துக்கு அரை வோல்ட்கூட விழாது

பிரியா, 7:28
😳

செந்தில், 7:29
கடைக்காரர் சார்ஜரே வேண்டாம், ஒரு ரிலே, அதான் தானா சேத்துவிடுற சுவிட்ச், போட்டு ரெண்டு பேட்டரியையும் சேத்துரலாம்னு சொன்னார். நான்தான் வேண்டாம்னு இத வாங்குனேன்

சித்தப்பா, 7:33
அது மட்டும் நல்ல காரியம் பண்ணுன. ரெண்டும் ஆசிட் பேட்டரின்னா ரிலே போதும், நானே எத்தனையோ வண்டிக்குப் போட்டிருக்கேன். நீ வாங்குனது லித்தியம். அது பசிச்ச கன்னுக்குட்டி மாதிரி குடுக்கக் குடுக்க இழுக்கும், போதும்னு சொல்லாது. டிராபிக்ல நிக்கும்போது டைனமோ மெதுவாச் சுத்தும், அதுல இருக்கிற பேனும் மெதுவாத்தான் சுத்தும். அந்த நேரத்துல முழு லோடு இழுத்தா காயில் கருகிரும். சார்ஜர் இருந்தா 30க்கு மேல விடாது. டைனமோ மேல ஆம்பியர் எழுதியிருக்கும், அதப் படம் எடுத்து அனுப்பு

ராஜி அத்தை, 7:35
எங்க வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி சும்மாதான கெடக்கு. புதுசுதான். அதத் தூக்கி வச்சா ஆகாதா

சித்தப்பா, 7:36
ஆகாது

ராஜி அத்தை, 7:36
ஏன்

சித்தப்பா, 7:39
அது 50 கிலோவுக்கு மேல. உள்ள ஆசிட் தண்ணி. வீட்ல ஒரு மூலையில ஆடாம அசையாம நிக்கிறதுக்குச் செஞ்சது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். வீட்ல காத்தோட போயிரும். கதவு மூடுன வண்டிக்குள்ள, மைனி தலைமாட்டுல, அது கூடவே கூடாது

ராஜி அத்தை, 7:40
நல்லதுன்னு நெனச்சுதான் சொன்னேன்

மாமா, 7:44
செந்தில், சீட்டைக் கழட்டிக் கட்டில் போட்டா ஆர்டிஓ பிடிக்க மாட்டாங்களா?

செந்தில், 7:45
சீட் எண்ணிக்கைய ஆர்சில மாத்தி வாங்கியாச்சு மாமா. அதுக்கே மூணு மாசம் அலைஞ்சேன்

பிரியா, 7:52
கணக்குப் போட்டுப் பாத்தேன். 100 ஆம்பியர் அவர், 12.8 வோல்ட். பெருக்கினா 1280 வாட் அவர். அம்மா மெஷின் 40 வாட், 8 மணி நேரம், 320. பேன் 30 வாட், 10 மணி நேரம், 300. பிரிட்ஜ் 45 வாட், பாதி நேரம் ஓடும்னு வச்சாலும் ஒரு நாளைக்கு 540. மொத்தம் 1160. ஒரே ராத்திரியில பேட்டரி காலி. நாம தங்குறது ரெண்டு ராத்திரி

செந்தில், 7:53
மெஷின்ல தண்ணி டப்பா சூடாகுறத அணைச்சுட்டா இன்னும் கொறையும். இன்வெர்ட்டர் வழியா ஓட்டாம அதுக்குன்னு வர்ற டிசி கேபிள்லயே ஓட்டப் போறேன்

ராஜி அத்தை, 7:53
பிரிட்ஜ் இருக்கா??? சொல்லவே இல்ல. அப்போ தோசை மாவு ஒரு தூக்கு கொண்டு வாரேன்

கார்த்தி ஷார்ஜா, 7:54
அத்தை 😂

சித்தப்பா, 7:58
பிரியா கணக்கு சரி. பிரிட்ஜ் வண்டி ஓடும்போது மட்டும் ஓடட்டும். கோயில்ல நிறுத்துனதும் அணைச்சிரு. காலையில திருச்செந்தூர் கடலுக்குப் போய்க் குளிச்சுட்டு வந்தா, ஒரு மணி நேரம் ஓடுனா 30 ஆம்பியர் அவர் ஏறிரும். அது மைனி மெஷினுக்கு ஒரு ராத்திரிக்குக் காணும். கோயம்புத்தூர்ல காலியாக் கெளம்புனாக்கூட மதுரை தாண்டுறதுக்குள்ள நெறைஞ்சிரும்

ராஜி அத்தை, 7:59
மாவு புளிச்சிரும். மார்ச் வெயிலு

செந்தில், 8:02
சித்தப்பா, பியூஸ் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். ரெண்டு வேணும்னு புத்தகத்துல போட்டிருக்கான். சார்ஜர் உள்ளயே பாதுகாப்பு இருக்கே, ஒண்ணு பத்தாதா?

சித்தப்பா, 8:09
பியூஸ் சார்ஜரக் காப்பாத்த இல்லலே. ஒயரக் காப்பாத்த. ஒயர் எங்கயாவது தகரத்துல உரசி, தோல் கிழிஞ்சு, பாடியில பட்டா சார்ஜருக்கு ஒண்ணும் தெரியாது. பேட்டரி அம்புட்டையும் அந்த இடத்துலயே கொட்டும். உனக்கு முன்னால ஒரு குளம், பின்னால ஒரு குளம். ஒரு மடைய அடைச்சுட்டா இன்னொரு மடையில தண்ணி வராதா? ரெண்டு பேட்டரி ப்ளஸ்லயும் ஒரு சாணுக்குள்ள பியூஸ் வரணும். 60 ஆம்பியர். ஒயர் தகரத்தத் தாண்டுற ஓட்டை ஒவ்வொண்ணுலயும் ரப்பர் வளையம் போடு. ஒயர் முனையில மாட்டுற லக்கைச் சுத்தியலால தட்டாத, அத அமுக்குறதுக்குன்னு கிரிம்ப் டூல் இருக்கு

ராஜி அத்தை, 8:11
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி ஷார்ஜா, 8:11
அத்தை, நான் படிச்சுட்டேன்

அம்மா, 8:12
ராஜி விடு

பிரியா, 8:13
என்ன ஆச்சு

சித்தப்பா, 8:31
ராஜி எழுதுனது எனக்குத் தெரியும். அழிச்சிருக்க வேண்டாம்.
சபரிமலை சீசன். அண்ணன் வண்டிக்குப் பின்னால சீரியல் லைட்டும் பாட்டுப் பெட்டியும் போட்டுக் குடுத்தேன். மறுநாள் விடியக்காலம் சவாரி. பியூஸ் ஹோல்டர் கையில இல்ல, கடை அடைச்சுட்டான். திரும்பி வந்ததும் போட்டுக்கலாம்னு நேராச் சேத்துட்டேன். புளியரை ஏத்தத்துல டேஷ்போர்டுக்கு அடியில புகை. உள்ள 14 சாமிங்க. அண்ணன் வண்டிய ஓரங்கட்டி, வெறுங்கையால ஒயரைப் பிச்சு எடுத்தான். யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஒயர் மட்டம்னு நான் எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒயர் நல்ல ஒயர்தான். பியூஸ் போடாம விட்டது நான்தான். அவன்ட்ட இத நேர்ல சொல்லல

சித்தப்பா, 8:31
அதான் சொல்லுதேன். ரெண்டு பியூஸ்

மாமா, 8:34
🙏

செந்தில், 8:40
[படம்]
சித்தப்பா, டேஷ்போர்டைக் கழட்டும்போது பெட்டிக்குள்ள இது இருந்துச்சு. விபூதிப் பொட்டலத் தாள்ல சுத்தி வச்சிருந்தாங்க. செவப்பு ஒயர், ஒரு விரல் நீளம். ஒரு பக்கம் தோல் உருகிக் கருப்பா ஒட்டியிருக்கு. என்னன்னு தெரியாம தூக்கிப் போடப் போனேன்

அம்மா, 8:47
அவங்க வச்சதுதான். எதுக்குன்னு கேட்டேன், ஒண்ணும் சொல்லல. தம்பி, கோவமெல்லாம் ஒரு மாசத்துலயே போயிட்டு. நீங்க வருவீங்கன்னு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பாத்துட்டு இருந்தாங்க. ஒயர் விஷயம் அவங்களுக்கு அன்னைக்கே தெரியும். வண்டிக்காரங்க இல்லையா

கார்த்தி ஷார்ஜா, 8:52
எனக்கே இது தெரியாதுப்பா

ராஜி அத்தை, 8:55
அத தூக்கிப் போட்டுராத செந்திலு

செந்தில், 8:55
போடல அத்தை

மாமா, 9:03
கோயில் வரி யார்கிட்ட குடுக்கணும்? போன வருஷம் குடுத்தவர் நம்பர் எடுக்க மாட்டேங்குது

ராஜி அத்தை, 9:04
நேர்ல குடுத்துக்கலாம். பொங்கலுக்குப் பச்சரிசி எத்தனை படி? யாராவது சொல்லுங்க

பிரியா, 9:05
எனக்கு ரெண்டு நாள்தான் லீவு. பெங்களூர்ல இருந்து நேரா மதுரைக்கு வந்து ஏறிக்கிறேன்

செந்தில், 9:15
[படம்]
சித்தப்பா, டைனமோ தகடு. 12 வோல்ட் 75 ஆம்பியர்

சித்தப்பா, 9:19
போதும். லைட்டு, வைப்பரு எல்லாம் ஓடுனாலும் 38 தாங்கும். இன்னொண்ணு. சார்ஜர் புதுசுல ஆசிட் பேட்டரி செட்டிங்ல இருக்கும். லித்தியத்துக்கு மாத்து, 14.4 வோல்ட். இன்ஜின் ஓடுனாத்தான் அது முழிக்கணும், வண்டி நிக்கும்போது முன் பேட்டரிய உறிஞ்சிரக் கூடாது. அந்தச் சிக்னல் ஒயர் எங்க இருந்து எடுக்கணும்னு நான் காட்டுறேன். சார்ஜர் மெத்தைக்கு அடியில வேண்டாம். ஓடுனா சுடும், அதுக்குக் காத்து வேணும். பாத்திரப் பெட்டிப் பக்கம் வை

அம்மா, 9:21
பாத்திரப் பெட்டிப் பக்கம் தண்ணிக் குடம் வைக்கணுமே. சுனைத் தண்ணி எடுத்தா அங்கதான் வரும்

செந்தில், 9:22
அப்போ பின் கதவுக்கிட்டயா?

சித்தப்பா, 9:22
மழை அடிச்சா நனையும். நேர்ல பாத்துத்தான் சொல்லணும்

சித்தப்பா, 9:24
நாளைக்கு ராத்திரி பஸ் ஏறுதேன். கிரிம்ப் டூலும் மீட்டரும் என்கிட்ட இருக்கு. நீ ஒயரும் லக்கும் ரெண்டு பியூஸ் ஹோல்டரும் வாங்கி வை. ரெண்டு பேட்டரி மைனஸையும் கழத்தியே வை. நான் வந்தப்புறம், மோதிரம், கைச்செயின் எல்லாம் கழத்தி வச்சுட்டுத்தான் ஸ்பேனரத் தொடணும்

கார்த்தி ஷார்ஜா, 9:25
அப்பா, முழங்காலை வச்சுட்டு ராத்திரி பஸ்ஸா? வீடியோ கால்ல சொல்லிக் குடுங்க

சித்தப்பா, 9:25
வீடியோவுல ஒயரோட சூடு தெரியுமாலே

செந்தில், 9:27
ஞாயித்துக்கிழமை ஒயர்க் கடை தொறந்திருக்குமா தெரியல. பாக்குறேன் சித்தப்பா

அம்மா, 9:30
தம்பி, காலையில இட்லிக்கு வந்துருவீங்களா

சித்தப்பா, 9:36
வாரேன் மைனி

ராஜி அத்தை, 9:41
மாவுக்கு யாரும் பதில் சொல்லல