ஹையர் பென்ஷன்: "எல்லாருக்கும் ஒரே நியாயம்" என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

மலைக்கோட்டை_ராஜு:
நேற்று இங்கே ஒருவர், "2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இபிஎஸ்-95-ல் (1995-ல் வந்த பிஎஃப் ஓய்வூதியத் திட்டம்) எல்லாருக்கும் ஒரே நியாயம், இனிப் புலம்ப ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் ஓய்வு பெற்றது 2014 ஜூலை 31. பக்கத்து மேசைக்காரர் செப்டம்பர் 30. ஒரே வேலை, ஒரே சம்பளம். அவருக்கு ஜாயின்ட் ஆப்ஷன் கொடுக்க, அதாவது முழுச் சம்பளத்துக்கும் ஹையர் பென்ஷன் வேண்டும் என்று கம்பெனியோடு சேர்ந்து எழுதிக் கொடுக்க வழி பிறந்தது, எனக்கு இல்லை. இதில் ஒரே நியாயம் எங்கே?

சேலம்_குமரன்:
எழுதியது நான்தான் சார். நான் சொன்னது டிரஸ்ட் கம்பெனி விஷயம். பிஎஃப் பணத்தைத் தானே நிர்வகிக்கச் சொந்த டிரஸ்ட் வைத்திருக்கும் கம்பெனி ஆட்களுக்கு ஹையர் பென்ஷன் இல்லை என்று 2017 மே மாதம் பிஎஃப் நிறுவனத்தின் சுற்றறிக்கை வந்தது. டிரஸ்ட் கம்பெனி ஆட்களும் மற்றவர்களும் சமம் என்று 2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை விட்டுவிட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

மலைக்கோட்டை_ராஜு:
தேதிதான் விஷயம். 2014 செப்டம்பர் 1. அன்று வேலையில் இருந்தாரா என்பதுதான் கோடு. என் சம்பளம் 42,000. பென்ஷன் கணக்கு மட்டும் அன்றைய சம்பள உச்சவரம்பான 6,500-க்கு. 19 வருட சர்வீஸால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 1,764 ரூபாய். முழுச் சம்பளத்துக்குப் போட்டால் 11,400. 95-க்கு முந்தைய சர்வீஸுக்கான சிறு தொகை தனி.

சேலம்_குமரன்:
ஆப்ஷன் கொடுக்காமல் அந்தத் தேதிக்கு முன் ஓய்வு பெற்றவருக்கு ஹையர் பென்ஷன் இல்லை என்பதுதான் தீர்ப்பு. அந்த வழி 1996-லிருந்தே விதியில் இருந்ததே. ஏன் கொடுக்கவில்லை?

மலைக்கோட்டை_ராஜு:
ஏன் கொடுக்கவில்லையா? 2009-ல் எங்கள் கம்பெனி பர்சனல் செக்‌ஷனில் கேட்டேன். "கெடு முடிஞ்சுபோச்சு" என்று திருப்பி அனுப்பினார்கள். அப்படி ஒரு கெடு விதியிலேயே இல்லை என்று ஆர்.சி. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2016-ல். நான் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் கழித்து! கதவைச் சாத்தியவர்களை விட்டுவிட்டு, நீ ஏன் உள்ளே வரவில்லை என்று என்னைக் கேட்கிறீர்கள்.

சேலம்_குமரன்:
எழுத்தில் ஆதாரம் இருக்கிறதா?

மலைக்கோட்டை_ராஜு:
திருப்பி அனுப்புகிறவன் எழுதியா கொடுப்பான்?

மதுரை_அன்பரசி:
என் அப்பா மில் தொழிலாளி. அவருக்குக் குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய்தான். 2014-ல் வைத்த தொகை. நீங்கள் 11,400-க்குச் சண்டை போடுகிறீர்கள். அந்த ஆயிரத்தைப் பற்றி இங்கே ஒருவருமே பேசுவதில்லை.

மலைக்கோட்டை_ராஜு:
அப்பா வலி புரிகிறதம்மா. ஆனால் இங்கே பேசுவது 2014 செப்டம்பர் 1.

ஆவடி_முருகேசன்:
குமரன் தம்பி, டிரஸ்டுக்குச் சமம் கிடைத்துவிட்டது என்கிறீர்கள். டிரஸ்ட் விதியில் சம்பள உச்சவரம்பு எழுதியிருந்தால் விண்ணப்பத்தையே தள்ளிவிடுகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சேலம்_குமரன்:
அது டிரஸ்ட் விதி எழுதியவர்கள் தப்பு. தீர்ப்பின் தப்பு இல்லை. ஹையர் பென்ஷன் சும்மா வரவில்லை. பென்ஷன் நிதிக்குச் சேர வேண்டிய வித்தியாசப் பணத்தை வட்டியோடு கட்டித்தான் வாங்குகிறோம்.

மலைக்கோட்டை_ராஜு:
நானும் வட்டியோடு கட்டத் தயார். வாங்க மாட்டேன் என்கிறார்களே! காரணம் அந்த ஒரு தேதி.

சேலம்_குமரன்:
நீங்கள் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர்தானே? அப்போதே வழக்குப் போட்டிருக்கலாம்.

மலைக்கோட்டை_ராஜு:
சங்கத்தை இழுக்காதே தம்பி. போனஸுக்காகப் பதினெட்டு நாள் வாசலில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அப்போது நீ வேலைக்கே சேர்ந்திருக்க மாட்டாய்.

சேலம்_குமரன்:
வயசை வைத்துப் பேசாதீர்கள் சார். நானும் 2017-ல் ஓய்வு பெற்றவன்தான்.

ஆவடி_முருகேசன்:
என் கேள்விக்குப் பதில் வரவில்லை.

மலைக்கோட்டை_ராஜு:
என் கேள்விக்கும்தான் வரவில்லை. ஜூலை 31-க்கும் செப்டம்பர் 30-க்கும் நடுவில் என் உழைப்பில் என்ன குறைந்துபோயிற்று? அதை மட்டும் சொல்லுங்கள்.

சேலம்_குமரன்:
தீர்ப்பின் நகலைப் படியுங்கள்.

மலைக்கோட்டை_ராஜு:
மூன்று தடவை படித்துவிட்டேன். இரண்டே மாதம், குமரன்.