நாய் தத்து கொடுக்கும் வலைத்தளம்: வருகிறவரிடம் என்ன கேட்பது?

மாடிவீட்டுக்காரன், முருகேஷ்பாளையா, பெங்களூரு:

வணக்கம். பகலில் பில்லிங் மென்பொருளுக்குத் திரை வடிவமைக்கிற வேலை. ராத்திரியில், தெருவிலிருந்து மீட்ட நாய்களுக்கு வீடு தேடும் எங்கள் சின்னக் குழுவுக்கு ஒரு தளம் செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். ஒரு போட்டோ கிளம்பினால் ஆறு மாதம் கழித்தும் "அந்த நாய் இருக்கா சார்?" என்று போன் வரும். அது எப்போதோ ஒரு வீட்டில் சோபா ஏறிக் கொழுத்திருக்கும்.

முதல் வடிவம் கடைத் தளம் மாதிரியே வந்தது. இனம், வயது, நிறம், ஆணா பெண்ணா, கீழே வரிசையாகப் படங்கள். பார்க்க அழகு. அதன் வழியாக 5 நாய் போனது, 2 திரும்பி வந்துவிட்டது.

ஒன்று கருப்பி. வயது ஒன்றரை. 'ரொம்ப ஃபிரெண்ட்லி' என்று நானேதான் எழுதினேன். எடுத்துப் போனவர்கள் தங்கமானவர்கள், ஒயிட்ஃபீல்ட் பக்கம் 11ஆவது மாடி. கருப்பி லிஃப்ட்டுக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்றுவிட்டது. நாலு காலையும் கிரானைட் தரையில் பரப்பிக்கொள்ளும். பெல்ட்டை இழுத்தால் கழுத்து மட்டும் நீளுமாம். ஒன்பது நாள் அந்த மனிதர் 18 கிலோவைத் தூக்கிக்கொண்டு படியேறியிருக்கிறார். பத்தாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது. கருப்பி ஆட்டோவில் எங்கள் வாசலில் வந்து இறங்கியது. அவரை என்ன சொல்ல? லிஃப்ட் என்ற சொல்லே என் படிவத்தில் இல்லை.

பொருத்தமான நாயைக் காட்ட என்னென்ன கேட்க வேண்டும்? எத்தனை கேள்வி வரை பொறுப்பார்கள்? இன ஃபில்டரைத் தூக்கிவிடலாமா? தூக்கினால் ஆளே வராது என்கிறார்கள் குழுவில்.

ராமமூர்த்தி நகர் அக்கா:

தம்பி, முதலில் அந்த 'ஃபிரெண்ட்லி'யைத் தூக்கிப் போடுங்கள். என்னிடம் தற்காலிகமாக வந்து தங்காத நாய் இல்லை, எல்லாம் ஃபிரெண்ட்லிதான், சோறு போடுகிறவளிடம். வைத்திருக்கிறவர் கண்ணால் பார்த்ததை எழுதச் சொல்லுங்கள். 'குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடும். ஹெல்மெட் போட்டு வருகிறவரைக் கண்டால் குரைக்கும். காலை 6, மாலை 6 வெளியே கூட்டிப்போனால் வீட்டில் அசிங்கம் செய்யாது.' இவ்வளவு போதும், படிக்கிறவருக்கே தெரிந்துவிடும் தன் வீட்டுக்கு ஒத்துவருமா என்று.

இன்னொன்று, எல்லாரும் குட்டிதான் வேண்டும் என்பார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் குட்டி வைத்துக்கொண்டு என்ன செய்வது? பார்வோ என்கிற, குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்க்கான ஊசி வரிசை முடியும்போது குட்டிக்கு நாலு மாத வயதாகிவிடும், அதுவரை தெருத் தரையில் விட பயம். வளர்ந்த நாய் என்றால் உயரம், குணம் எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. அதைத் தளத்தில் மேலேயே போடுங்கள்.

அப்புறம் காது. நுனி வெட்டியிருந்தால் "கடி வாங்கினதா?" என்று முகம் சுளிக்கிறார்கள். அது கருத்தடை செய்ததற்கான அடையாளம் என்று படத்துக்குக் கீழேயே எழுதிவிடுங்கள். கருப்பு நாயை ஃபிளாஷ் போட்டு எடுக்காதீர்கள், இரண்டு கண் மட்டும் பேய் மாதிரி விழும். காலை ஏழு மணிக்கு மொட்டைமாடியில், நீங்களும் தரையில் உட்கார்ந்து எடுங்கள்.

அல்சூர் ஏரிக்கரை:

இன ஃபில்டரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். 'லேப்ரடார், பெண், இரண்டு வயதுக்குள்' என்று தேடி வருகிறவர்களில் குட்டி போடவைத்து விற்கிற ஆளும் உண்டு. வளர்ந்த நாய் என்றால் கருத்தடை ஆகாமல் தளத்தில் ஏற்றவே கூடாது. நாயைத் தற்காலிகமாக வைத்திருக்கிற ஃபாஸ்டர் வீட்டு முகவரியையும் போடாதீர்கள். விடிந்தால் வாசலில் அட்டைப்பெட்டியில் நாலு குட்டி இருக்கும்.

நம்மவர்கள் கதை தனி. ஒரு படுக்கையறை வீட்டுக்குச் சிப்பிப்பாறை கேட்பார்கள், ஊர்ப் பெருமைக்காக. முயல் விரட்டின இனம் அய்யா அது, எங்கே ஓடும், ஹாலிலா?

அபார்ட்மெண்ட் சங்கம் நாய் வளர்க்கவும் லிஃப்ட்டில் ஏற்றவும் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதைத் தளத்தில் வையுங்கள். ஆனால் வாடகை வீடு என்றால் ஓனரிடம் முதலிலேயே பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். வாரியத்தின் தாளைக் காட்டினால் ஓனர் அடுத்த வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்.

பழைய டொம்லூர்வாசி:

எதிர்க்கட்சியாக ஒரு வார்த்தை. இரண்டு வருஷம் முன்பு ஒரு இடத்தில் தத்தெடுக்கப் போனேன். படிவத்தில் 40க்கு மேல் கேள்வி. சம்பளம், குழந்தை பெற்றுக்கொள்ளும் திட்டம், மூன்று அறைகளின் போட்டோ. பாதியில் மூடிவிட்டு, வெட்கமாகத்தான் இருக்கிறது, பீகிள் இன நாய் ஒன்றை விலைக்கு வாங்கிவிட்டேன். என்னைப் போல எத்தனை பேரோ. ஐந்தாறு கேள்விக்கு மேல் போனால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆகிவிடும். மீதியைப் போனில் பேசுங்கள்.

மாடிவீட்டுக்காரன்:

அக்கா, ஏரிக்கரை அண்ணா, டொம்லூர் சார், நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து ஆறாகக் குறைத்துவிட்டேன். எந்த மாடி, லிஃப்ட் உண்டா? நாய் எத்தனை மணிநேரம் தனியாக இருக்கும்? காலை 6 மணிக்கு யார் கூட்டிப்போவார், பெயர் என்ன? ஓனரிடம் பேசியாகிவிட்டதா? வீட்டில் குழந்தை, வயதானவர், வேறு பிராணி? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நாய் எங்கே இருக்கும்? கடைசிக் கேள்வியை என் அக்காவிடம் சோதித்தேன். பத்து நிமிடம் பதிலே இல்லை, பிறகு "அம்மா வீட்டுக்குக் காரிலேயே கொண்டுபோவேன்" என்றாள். இனம் போயாச்சு. பதில்களுக்கு ஏற்ப மூன்றே மூன்று நாய்தான் திரையில் வரும்.

கருப்பிக்கு என் நண்பன் ஒருவனின் அபார்ட்மெண்டில் பயிற்சி நடக்கிறது. லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு அவித்த முட்டை ஊட்டுகிறேன். அதன் பக்கத்தில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: 'முன்னங்கால் இரண்டும் லிஃப்ட்டுக்குள் வருகின்றன. பின்னங்கால் இன்னும் வெளியே. தரைத்தளம் என்றால் நாளைக்கே வரும்.'